யுனிக்ஸ் கணக்குகளுக்குக் கடவுச்சொல் காலாவதி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் நாலைந்து சின்ன இடங்களின் லினக்ஸ் (யுனிக்ஸ் வகை) சேர்வர்களை நான் பார்த்து வருகிறேன். ஒரு கணினி வகுப்பு, ஒரு கணக்காளர் அலுவலகம், ஒரு அச்சகம், இப்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கிருந்தாவது இந்த அழைப்பு வரும்: "தம்பி, பாஸ்வேட் அடிச்சால் அது பழசாப் போச்சு எண்டு சொல்லுது. என்ன செய்யிறது?" ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்லும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். 'கோடு' என்றால் கழித்தல் குறி. அதற்கு அடுத்த எழுத்தை இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைக் கவனியுங்கள், இரண்டுக்கும் வேறு வேறு வேலை. இங்கே அடிக்கடி வரும் 'சேஜ்' கட்டளையை சி, எச், ஏ, ஜி, ஈ என்று அடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'மாற்று', 'வயது' என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்து வந்த பெயர். முன்னால் வரும் 'சுடோ' என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். எடுத்துக்காட்டுக்கு 'லேப்05' என்ற கணக்கை வைத்துக்கொள்வோம்.

காலாவதியானால் கணக்கு அழிந்துவிடுமா?

அழியாது. கோப்புகள், மின்னஞ்சல், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் 'காலாவதி' என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. இதைப் பிரித்து விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஒன்று, கடவுச்சொல்லின் காலாவதி. ஆள் வேலையில் இருக்கிறார், சொல்தான் பழசாகிவிட்டது. உள்ளே விடுமுன் புதுச் சொல் கேட்கும். மற்றது, கணக்கின் காலாவதி. அந்தத் தேதிக்குப் பிறகு ஆள் சரியான சொல்லை அடித்தாலும் உள்ளே விடாது, புதிதாக மாற்றவும் கேட்காது. ஆறு மாதப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் முதலாவதை வைத்துவிட்டு, இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் 'செயலற்ற நாட்கள்' என்று ஒன்று உண்டு. கடவுச்சொல் காலாவதியாகி இத்தனை நாளுக்குள் வந்து மாற்றாவிட்டால், பிறகு மாற்றவும் விடாமல் பூட்டிவிடும்.

ஒருவருடைய கணக்கில் இப்போது என்ன வைத்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

சுடோ சேஜ், கோடு சின்ன எல், லேப்05

கடைசியாக மாற்றிய தேதி, காலாவதியாகும் தேதி, எச்சரிக்கை நாட்கள் எல்லாம் ஏழு வரிகளில் வரும். டெபியன், உபுண்டு ஆட்கள் எல்லாக் கணக்கையும் ஒரேயடியாகப் பார்க்க, சுடோ பாஸ்வேட், கோடு பெரிய எஸ், கோடு சின்ன ஏ என்று அடிக்கலாம். (பாஸ்வேட் கட்டளையில் 'ஓ', 'ஆர்' கிடையாது: பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி.)

இந்த விவரம் இருக்கும் இடம் /எட்சி/ஷாடோ கோப்பு. அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

லேப்05:$ஒய்$…:20454:0:90:7:14::

முக்காற்புள்ளியால் பிரித்த ஒன்பது அறைகள். முதலாவது பெயர், இரண்டாவது மறையாக்கிய கடவுச்சொல். மூன்றாவதான 20454 என்பது கடைசியாக மாற்றிய நாள். 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிய நாட்கள். எண்ணிப் பார்த்தால் 2026 ஜனவரி 1 வரும். அடுத்து, இரண்டு மாற்றங்களுக்கு இடையில் ஆகக் குறைந்த நாள் 0, ஆகக் கூடிய நாள் 90, எச்சரிக்கை 7, செயலற்ற நாட்கள் 14. எட்டாவது அறை கணக்கின் காலாவதி, இங்கே வெறுமை. ஒன்பதாவது பிற்காலத் தேவைக்கென்று ஒதுக்கியது.

இந்த வரியையே வைத்து யோசியுங்கள். 90 நாள் ஏப்ரல் 1 அளவில் முடியும். அதன்மேல் 14 நாள் சித்திரைப் புத்தாண்டைத் தாண்டும்போது முடியும். வருசத்துக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருபவருக்குக் கணக்கு பூட்டிக் கிடக்கும். எண்ணைத் தேர்ந்தெடுக்குமுன் நாட்காட்டியைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். நல்லூர்த் திருவிழா 25 நாள். செயலற்ற நாட்களை 14 என்று வைத்துவிட்டு ஆவணியில் என்னைத் திட்ட வேண்டாம்.

கோப்பை நேரே திறந்து எண்களை மாற்றாதீர்கள். ஒரு முக்காற்புள்ளி தவறினாலும் அந்த ஆள் உள்ளே வர முடியாது.

90 நாள் என்று வைப்பது எப்படி?

சுடோ சேஜ், கோடு பெரிய எம், 90, லேப்05

எச்சரிக்கை நாட்களுக்குக் கோடு பெரிய டபிள்யூ, செயலற்ற நாட்களுக்குக் கோடு பெரிய ஐ, கணக்கு முடியும் தேதிக்குக் கோடு பெரிய ஈ. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒழுங்கில் கொடுங்கள்: 2026-06-30. காலாவதியே வேண்டாம் என்றால் பெரிய எம்முக்குப் பிறகு 90க்குப் பதிலாகக் கழித்தல் 1.

அடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். 90 நாளை இன்றையிலிருந்து எண்ணும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது கடைசியாகச் சொல் மாற்றிய நாளிலிருந்துதான் எண்ணும். இரண்டு வருசமாக மாற்றாதவருக்கு நீங்கள் எண்டர் தட்டிய கணமே காலாவதி. கூடவே செயலற்ற நாள் 14 என்று வைத்திருந்தால், அவர் மாற்றவும் வழியில்லாமல் அப்போதே பூட்டப்பட்டுவிடுவார்.

ஒரு ஞாயிறு இரவு நான் இதைச் செய்தேன். திங்கள் காலை எட்டு மணிக்கு ஒரு அலுவலகம் முழுக்க வாசலுக்கு வெளியே நின்றது. கணக்குப் பகுதி அக்கா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தம்பி, நீர் பூட்டினது சேர்வரையோ எங்களையோ?"

ஆகவே முதலில் சுடோ சேஜ், கோடு சின்ன டி, இன்றைய தேதி, லேப்05 என்று அடித்து எண்ணிக்கையை இன்றைக்குத் தொடங்க வையுங்கள். இருபது பேர் இருந்தால் ஐந்தைந்து பேராக வேறு வேறு நாள் கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் முடிந்தால் அன்று உங்களுக்கு வேறு வேலை ஓடாது.

/எட்சி/லொகின்.டெஃப்ஸ் கோப்பில் பாஸ்_மேக்ஸ்_டேஸ் என்பதை 90 ஆக்கினேன். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லையே?

நடக்காது. அந்தக் கோப்பில் உள்ள இந்த எண் புதுக் கணக்கு உருவாக்கும்போது மட்டும்தான் வாசிக்கப்படும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு சேஜ்தான். அதில் முன்பே இருக்கும் 99999 என்ற எண், கணக்குப் பார்த்தால் 273 வருசத்துக்கு மேல். காலாவதி இல்லை என்பதை இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் கொடுத்த தற்காலிகச் சொல்லை முதல் தடவை உள்ளே வரும்போதே மாற்ற வைக்க வேண்டும்.

சுடோ சேஜ், கோடு சின்ன டி, 0, லேப்05. மூன்றாவது அறை 0 ஆகும், அடுத்த தடவை உள்ளே வரும்போது புதுச் சொல் கேட்காமல் விடாது.

எத்தனை மணிக்குக் காலாவதியாகும்? நடு இரவிலா?

நல்ல கேள்வி, ஒருவர்தான் கேட்டார். நாள் எண்ணிக்கை உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. எங்கள் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி முந்தி. அதனால் யாழ்ப்பாணத்தில் நாள் மாறுவது விடியற்காலை 5.30க்கு. இரவு இரண்டு மணிக்கு வேலை செய்துகொண்டிருக்கும் ஆளுக்கு இன்னும் நேற்றைய நாள்தான் ஓடுகிறது. ரொறன்ரோவிலிருந்து அதே சேர்வருக்கு வரும் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணைக்குக் கோடைக் காலத்தில் அது முதல் நாள் இரவு எட்டு மணி. அவர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும்போது கதவு மாறியிருக்கும்.

ஏழு நாள் முன்னதாக எச்சரிக்கை வரும் என்றீர்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

எச்சரிக்கை வருவது எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழையும் வழி) வழியாகவோ திரைக்கு முன்னால் இருந்தோ உள்ளே நுழையும்போது மட்டும். மின்னஞ்சல் அனுப்பாது. கோப்புகளை மட்டும் ஏற்றி இறக்கும் மென்பொருளில் வருபவர்கள் அந்த எச்சரிக்கையைக் காண்பதில்லை. காலாவதியான பிறகு அவர்களுக்கு இணைப்பே அறுந்துவிடும், ஏனென்றால் புதுச் சொல் கேட்பதற்கு அங்கே ஒரு முனையத் திரை இல்லை. அவர்களை ஒருமுறை எஸ்எஸ்எச் வழியாக வரச் சொல்லி மாற்ற வைக்க வேண்டும்.

அலுவலகத்தில் விண்டோஸ் கணினிகள் சம்பா வழியாகக் கோப்பு எடுக்கிறதென்றால் அது தனிக் கதை. சம்பா தன் கடவுச்சொற்களைத் தானே வைத்திருக்கிறது, அங்கே சேஜ் எடுபடாது. பிடிபிஎடிட் கட்டளையில் காலாவதியை விநாடியில் கொடுக்க வேண்டும்: 90 நாளுக்கு 7776000. எல்டாப் (பல கணினிகளுக்கும் பொதுவான கணக்குப் பட்டியல்) சேவையகத்தில் இருக்கும் கணக்குகளுக்கும் இதே கதைதான். அங்கே போய்த்தான் வைக்க வேண்டும்.

கடவுச்சொல் இல்லாமல் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பை வைத்து வருபவர்களுக்கு?

அவர்களுக்கும் பிடிக்கும், அவர்களுடைய கணக்கில் காலாவதி வைத்திருந்தால். சாவியைச் சரிபார்த்த பிறகு பேம் (உள்ளே வருபவரைச் சரிபார்க்கும் பகுதி) கணக்குச் சோதனை நடத்துகிறது. அங்கே சொல்லின் வயதும் பார்க்கப்படும். வருசக்கணக்காகப் பாவிக்காத, மறந்தே போன ஒரு பழைய சொல்லைக் கேட்டு நிற்கும்.

இதற்கு மறுபக்கம்தான் ஆபத்து. ஒருவர் வேலையை விட்டுப் போனதும் பாஸ்வேட், கோடு சின்ன எல் என்று அடித்து 'பூட்டியாச்சு' என்று இருக்கிறார்கள். அது மறையாக்கிய சொல்லின் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடுகிறது, அவ்வளவுதான். அவரிடம் சாவிக் கோப்பு இருந்தால் பழையபடி உள்ளே வரலாம். கணக்கையே முடிக்க வேண்டும்: சுடோ யூசர்மொட், கோடு சின்ன ஈ, 1, பெயர். அந்த 1, 1970 ஜனவரி 2ஐக் குறிக்கும். 0 போடாதீர்கள், காலாவதியே இல்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு.

எல்லாக் கணக்குக்கும் ஒரேயடியாக 90 போட்டால் என்ன?

போட்டேன். ஒரு சின்ன லூப் எழுதி, கோப்பில் இருந்த எல்லாப் பெயருக்கும் 90. நள்ளிரவில் தரவுப் பிரதி எடுக்கும் கணக்கும் அதற்குள் அகப்பட்டுப்போனதை நான் கவனிக்கவில்லை. மூன்று மாதம் பிரச்சினை இல்லை. பிறகு பிரதி எடுப்பது நின்றது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரோன், வேலையைத் தொடங்குமுன் பேமிடம் கேட்கிறது. கடவுச்சொல் காலாவதியான கணக்கென்றால் வேலையைத் தொடங்காது. பதிவுக் கோப்பில் மட்டும் ஒவ்வோர் இரவும் ஒரு வரி: அங்கீகாரம் இனிச் செல்லாது, புதியது வேண்டும். யாரும் பார்க்காத கோப்பில் யாரும் வாசிக்காத வரி. ஐந்து கிழமை கழித்து ஒரு வன்தட்டு கிறீச்சிட்டபோதுதான் கடைசிப் பிரதியின் தேதியைப் பார்த்தேன். வன்தட்டு இன்னும் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது என் நல்ல காலம்.

மனிதர் யாரும் உட்கார்ந்து அடிக்காத கணக்குகளுக்குக் கடவுச்சொல் காலாவதி வைக்கவே வேண்டாம். அவற்றுக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. லூப் எழுதினால் பாவனையாளர் எண் 1000க்கும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் எடுங்கள், அந்தப் பட்டியலையும் ஒருமுறை கண்ணால் வாசித்துவிட்டு ஓடவிடுங்கள்.

காலையில்தான் மாற்றினேன், மத்தியானம் திரும்பவும் காலாவதி என்கிறது. பிறகு மாற்றினாலும் அப்படியே. பேய் பிடித்ததா?

பற்றரி செத்திருக்கும். 2022இல் மின்வெட்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் இதை நிறையப் பார்த்தேன். தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவுப் பற்றரி ஓய்ந்துவிட்ட பழைய கணினி, கரண்ட் வந்து எழும்பும்போது தேதியை மறந்து எழும்பும். 2010 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டிருக்கும் சேர்வரில் நீங்கள் சொல்லை மாற்றினால், மூன்றாவது அறையில் விழுவது 2010இன் நாள் எண். பிறகு இணைய இணைப்பு வந்து நேரச் சேவை கடிகாரத்தைச் சரியாக்கும். அந்தக் கணத்தில் உங்கள் சொல்லுக்கு வயது பத்து வருசத்துக்கு மேல்.

எதிர்த்திசையிலும் நடக்கும். சரியான தேதியில் மாற்றிய சொல், கடிகாரம் பின்னால் போன சேர்வரில் 'எதிர்காலத்தில் மாற்றப்பட்டது' போலத் தெரியும். அப்போது பேம் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு ஆளை உள்ளே விட்டுவிடுகிறது. காலாவதிக் கணக்கே நடக்காது. ராஸ்பெரி பை மாதிரிச் சின்னப் பலகைகள் பலவற்றில் கடிகாரப் பற்றரியே இல்லை, ஆகவே அவற்றில் இது பழகிப்போன சங்கதி.

முதலில் 'டேட்' என்று அடித்து இன்றைய தேதிதானா என்று பாருங்கள். பிறகு சேஜ், கோடு சின்ன எல். தேதியைச் சரியாக்கிய பின்தான் சொல்லை மாற்ற வேண்டும். பற்றரியின் இலக்கம் பெரும்பாலும் சிஆர்2032, கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

மாற்றச் சொன்னால் மாற்றிவிட்டு, அடுத்த நிமிடம் பழையதையே திரும்ப வைக்கிறார்கள்.

சேஜ், கோடு சின்ன எம், 1 என்றால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாற்றலாம். பேம்_பீடபிள்யூஹிஸ்டரியில் 'ரிமெம்பர்' 5 என்று வைத்தால் கடைசி ஐந்து சொற்களைத் திரும்ப விடாது.

எங்களிடம் இருப்பது லினக்ஸ் இல்லை.

சோலாரிஸில் /எட்சி/டிஃபோல்ட்/பாஸ்வேட் கோப்பில் 'மேக்ஸ்வீக்ஸ்'. ஏஐஎக்ஸில் /எட்சி/செக்யூரிட்டி/யூசர் கோப்பில் 'மேக்ஸேஜ்'. இரண்டும் கிழமைக் கணக்கு: 90 என்று எழுதாதீர்கள், 13 என்று எழுதுங்கள். கிழமைக் கணக்கு சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய யுனிக்ஸ் காலத்து வழக்கம். அப்போது காலாவதி விவரம் எல்லாரும் வாசிக்கக்கூடிய /எட்சி/பாஸ்வேட் கோப்பிலேயே இருந்தது. மறையாக்கிய சொல்லுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி, அதற்குப் பிறகு கிழமைகளைக் குறிக்கும் எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஆகக் கூடியது 63 கிழமை.

ஃப்ரீபிஎஸ்டியில் /எட்சி/லொகின்.கொன்ஃப் கோப்பில் 'பாஸ்வேட்டைம்' 90டி என்று எழுதி, கேப்_எம்கேடிபி கட்டளையை அந்தக் கோப்பின்மேல் ஓடவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் பீடபிள்யூ யூசர்மொட், கோடு சின்ன பி.

அண்ணை, உண்மையாச் சொல்லுங்கோ. இந்த 90 நாள் தேவையோ?

பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம், அது எனக்கு மட்டும் உள்ள எண்ணமும் இல்லை.

இந்த வழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1979இல் ரொபேட் மொரிசும் கென் தொம்சனும் யுனிக்ஸ் கடவுச்சொற்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், சேர்த்த 3,289 சொற்களில் 86 சதவீதம் ஆகக் குட்டையாகவோ அகராதியில் இருப்பதாகவோ இருந்து அகப்பட்டன. களவு போன சொல் சும்மா இருந்து பழசாகட்டும் என்று காலாவதி வைத்தார்கள். 2004இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டியை எழுதியவர்களில் ஒருவரான பில் பர், தான் அப்போது சொன்ன பலவற்றுக்கு இப்போது வருந்துவதாக 2017இல் பேட்டி கொடுத்தார். அதே ஆண்டு நிஸ்ட், காரணமில்லாமல் காலம் வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது; 2025இல் வந்த புதிய பதிப்பு 'வைக்கவே கூடாது' என்று இறுக்கிச் சொல்கிறது. மைக்ரோசொஃப்ட் 2019இலேயே விண்டோஸின் அடிப்படைப் பரிந்துரையிலிருந்து இதை எடுத்துவிட்டது.

ஏன் என்பதற்கு வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் 2010 ஆய்வு போதும். காலாவதியான பழைய சொல் கையில் இருந்தால், அதிலிருந்து புதுச் சொல்லை 41 சதவீதத்துக்குக் குறையாமல் சில விநாடிகளில் கண்டுபிடித்தார்கள். ஆய்வு வேண்டாம், அச்சகத்தில் ஒரு மேசையைப் பார்த்தாலே போதும். விசைப்பலகைக்குக் கீழே மஞ்சள் ஒட்டுத்தாள். நல்லூர்01 வெட்டியிருக்கிறது, நல்லூர்02 வெட்டியிருக்கிறது, இப்படியே இறங்கி, வெட்டாமல் இருப்பது நல்லூர்07. அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன வரும் என்று கேட்க ஒரு ஹேக்கர் வேண்டுமா?

ஆனால் வங்கி அட்டைக் கொடுப்பனவைத் தொடும் இடமென்றால், அதற்கான தரநிலை கடவுச்சொல் மட்டுமே காவலாக இருக்கும் கணக்குகளுக்கு இன்னும் 90 நாள் கேட்கிறது. கணக்காய்வாளர் கேட்டால் வைத்துத்தான் ஆக வேண்டும். கட்டாயம் இல்லாத இடத்தில் நான் வைப்பது: நீளமான சொல், முடிந்தவரை எஸ்எஸ்எச் சாவி, ஒப்பந்தத்தில் வருபவர் ஒவ்வொருவருக்கும் கணக்கு முடியும் தேதி, சொல் வெளியே போனதாகச் சந்தேகம் வந்த அன்றே கோடு சின்ன டி 0.

ரூட் (தலைமை நிர்வாகி) கணக்கே பூட்டிக்கொண்டது. இப்போது நான் சேர்வருக்கு முன்னால் நிற்கிறேன்.

முன்னால் நிற்கிறீர்கள் என்றால் பரவாயில்லை. மறுதொடக்கம் செய்து, க்ரப் (கணினி எழும்பும்போது வரும் தேர்வுப்) பட்டியல் வரும்போது சின்ன 'ஈ'யைத் தட்டுங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இனிட்=/பின்/பேஷ் என்று சேர்த்து, கொன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். மவுண்ட், கோடு சின்ன ஓ, ரிமவுண்ட்,ஆர்டபிள்யூ, / என்று அடித்தால் வட்டில் எழுதலாம்.

அங்கே முதல் வேலை 'டேட்'. தேதி பிழையென்றால் அதைச் சரியாக்கிய பிறகுதான் மற்றது. பிறகு சேஜ், கோடு பெரிய எம், கழித்தல் 1, ரூட். கோடு பெரிய ஐ, கோடு பெரிய ஈ இரண்டுக்கும் அதே கழித்தல் 1. ரெட்ஹாட் வகையாக இருந்து சொல்லையும் மாற்றினால், டச் /.ஓட்டோரீலேபல் என்றும் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதி உங்களை மறுபடியும் வெளியே நிறுத்தும். கடைசியாக 'சிங்க்' அடித்து, மின்சாரப் பொத்தானை அமுக்கி அணைத்துப் போடுங்கள். எழும்பி வர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், அதற்குள் எனக்கு அழைக்க வேண்டாம்.